அத்தியாயம் 7: கட்டியை எடுத்த பிறகும் கதிர்வீச்சு எதற்கு?

நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கிய புற்றுநோய் மூளைக்குப் பரவியது. அங்கிருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். நோயாளி கண் விழித்துவிட்டார், பேசுகிறார், மரத்துக் கிடந்த கையை அசைக்கிறார். இனி கவலையில்லை என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடும் நேரத்தில் டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரி கண்ணில் படுகிறது: கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையைப் பார்க்கவும். அந்தத் துறையின் வாசலில் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சு தொடங்குகிறது.

"டாக்டர், கட்டியை முழுசா எடுத்தாச்சுன்னு ஆபரேஷன் பண்ணவரு சொன்னாரே. அப்புறம் எதுக்கு அம்மாவுக்குக் கரண்ட் வைக்கணும்?"

"அவர் சொன்னது உண்மைதான் தம்பி. கண்ணுக்குத் தெரிஞ்சதை முழுசா எடுத்திருக்காரு. தெரியாம இருக்கறதுக்குத்தான் இந்த வைத்தியம்."

இந்த அத்தியாயம் அந்தப் பதிலின் விரிவு. இரண்டு முடிவுகளை நீங்கள் மருத்துவரோடு சேர்ந்து எடுக்க வேண்டியிருக்கும். கதிர்வீச்சு மூளை முழுவதற்குமா, கட்டி இருந்த இடத்துக்கு மட்டுமா என்பது ஒன்று. அதற்குப் பிறகு ஸ்கேன்களை எப்படித் தவறாமல் எடுப்பது என்பது மற்றொன்று. முதல் முடிவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பல குடும்பங்கள் கோட்டை விடுவது இரண்டாவதில்தான்.

எடுத்த இடத்தில் என்ன மிச்சம்?

மூளைக்குப் பரவிய கட்டி ஸ்கேன் படத்தில் ஓரம் தெளிவான உருண்டையாகத் தெரியும். ஆனால் பால் சட்டியைக் கவிழ்த்துக் கொட்டிய பிறகும் ஓரத்தில் ஏடு ஒட்டியிருப்பதுபோல, சுற்றியுள்ள திசுவில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குப் புற்றணுக்கள் தங்கியிருக்கலாம். வேறு உறுப்பாக இருந்தால் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்தே வெட்டி எடுப்பார்கள். மூளையில் அப்படி வாரி எடுக்க முடியாது. அந்தக் கொஞ்சத்தில்தான் பேச்சோ பார்வையோ கை அசைவோ இருக்கக்கூடும்.

மிச்சம் இருப்பது வெறும் ஊகமில்லை. ராய் பாட்செல் தலைமையிலான அமெரிக்க மருத்துவர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மூளையில் இருந்த ஒரே கட்டியை எடுத்துக்கொண்ட 95 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை மட்டும். மற்றதற்கு அறுவைக்குப் பின் கதிர்வீச்சு. அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 46 விழுக்காட்டினருக்கு அதே இடத்தில் கட்டி மீண்டும் வந்தது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் 10 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் 72 விழுக்காட்டினருக்கு அந்த இடம் சுத்தமாக இருந்தது. கதிர்வீச்சு இல்லாதவர்களில் அது 43 விழுக்காடு.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1998 ஆய்வில் கதிர்வீச்சு பெற்றவர்கள் மொத்தத்தில் அதிக காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. உடம்பின் மற்ற பாகங்களில் நோய் எந்த நிலையில் இருக்கிறது, மருந்துகளுக்கு எப்படிக் கட்டுப்படுகிறது என்பதுதான் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கதிர்வீச்சு தருவது வேறொன்று. மூளைக்குள் நோய் திரும்பாமல், கை கால் விழாமல், பேச்சு போகாமல், இருக்கும் காலத்தைத் தன் நினைவோடு வாழ வைப்பது. அதே ஆய்வில் மூளை நோயால் நேர்ந்த மரணங்கள் 44 விழுக்காட்டிலிருந்து 14 ஆகக் குறைந்தன. அது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு வழிகள்

முதல் வழி, மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு. வழக்கமான அளவு 30 கிரே. அதை 10 தவணையாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டு வாரம் கொடுப்பார்கள். ஒவ்வொரு நாளும் மேசையில் படுத்திருப்பது 10, 15 நிமிடம்தான். ஸ்கேனில் இன்னும் தெரியாத நுண்ணிய பரவல்களையும் இது தாக்கும் என்பது இதன் பலம். நல்ல மூளையும் சேர்ந்து கதிரை வாங்குவதால் நினைவாற்றல், கவனம், வேகம் ஆகியவை குறையலாம் என்பது பலவீனம்.

இரண்டாவது வழி, கட்டி இருந்த குழிக்கும் அதைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்கும் மட்டும் கூர்மையாகக் கொடுப்பது. இதை ரேடியோ சர்ஜரி என்பார்கள். பெயரில் சர்ஜரி இருப்பதால் மறுபடியும் தலையைத் திறப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. ஸ்வீடன் நரம்பியல் அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951இல் வைத்த பெயர் அது. காமா நைஃப், சைபர் நைஃப், நவீன லீனியர் ஆக்சிலரேட்டர் ஆகிய மூன்றிலும் இதைச் செய்யலாம். எந்த இயந்திரம் என்பதைவிட, அதை இயக்கும் குழுவுக்கு இந்த வேலையில் நல்ல பழக்கம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். குழி சிறியதாக இருந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். பெரிதாக இருந்தால், குறிப்பாக 3 சென்டிமீட்டரைத் தாண்டினால், 3 அல்லது 5 நாட்களாகப் பிரித்துக் கொடுப்பார்கள்.

எது நல்லது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் 194 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான ஆய்வு இந்தக் கேள்வியை நேராகவே கேட்டது. மூளை முழுவதும் கதிர்வீச்சு பெற்றவர்களில் ஆறு மாதத்தில் 85 விழுக்காட்டினருக்கு நினைவு, சிந்தனைத் திறன் சோதனைகளில் சரிவு தெரிந்தது. குழிக்கு மட்டும் பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கு. ஆயுளில் இரண்டு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் குழிக்கு மட்டும் பெற்றவர்களுக்கு மூளையில் நோய் மீண்டும் தலைகாட்டுவது அதிகமாக இருந்தது.

இதன் பொருள்: ஒரு வழி நினைவைக் காக்கிறது, புதுக் கட்டிகளை ஸ்கேனில் கண்காணித்துப் பிடிக்கச் சொல்கிறது. மற்ற வழி புதுக் கட்டிகளை முன்கூட்டியே தடுக்கிறது, நினைவில் கொஞ்சம் விலை கேட்கிறது. பிள்ளையின் பெயர் சட்டென்று வராமல் தடுமாறுவது, மாத்திரை போட்டோமா என்று மறந்து இரண்டாவது முறை போடுவது, அடுப்பில் வைத்ததை மறப்பது என்று அந்த விலை அன்றாட வாழ்க்கையில் தெரியும். அதனால்தான் ஒன்றிரண்டு கட்டிகள் மட்டும் இருப்பவர்களுக்கு இன்று பெரும்பாலும் குழிக்கு மட்டும் கொடுக்கும் வழியைப் பரிந்துரைக்கிறார்கள்.

மூளை முழுவதற்கும் கொடுப்பதே சரி என்று மருத்துவர் சொல்லும் நிலைகளும் உண்டு. மூளையில் பல இடங்களில் கட்டி இருந்தால், நோய் மூளையைச் சுற்றியுள்ள உறைகளில் படர்ந்திருந்தால், சிறுசெல் வகை நுரையீரல் புற்றாக இருந்தால், ஸ்கேனுக்குத் திரும்பத் திரும்ப வர முடியாத சூழ்நிலை இருந்தால் அப்படிச் சொல்லலாம். அப்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் கதிர் குறைவாகப் படும்படி திட்டமிட முடியுமா? மெமான்டின் மாத்திரை கொடுக்கலாமா? இவை இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நினைவுச் சரிவு குறைகிறது என்று 2020இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தாது. கட்டி அந்தப் பகுதிக்குப் பக்கத்திலேயே இருந்தால் செய்ய மாட்டார்கள்.

நோயாளியை வெளியே உட்கார வைக்காதீர்கள்

நம் வீடுகளில் நோயாளியை வராந்தா நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மகனும் மருமகனும் உள்ளே போய்ப் பேசுவது வழக்கம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் இந்த முடிவில் எடைபோடப்படுவது அவருடைய நினைவு. ஐம்பது வயது ஆசிரியைக்கு எது முக்கியம், எண்பது வயதுப் பெரியவருக்கு எது முக்கியம் என்பதை அவர்களேதான் சொல்ல முடியும். நோயின் பெயரை எப்படிச் சொல்வது என்று தயங்கினால் மருத்துவரிடமே உதவி கேளுங்கள், பக்குவமாகச் சொல்வார். கதிர்வீச்சின்போது தலையைப் பிடித்து வைக்கும் முகமூடி போட்டு மேசையில் அசையாமல் படுப்பதற்கும், எதற்காகப் படுக்கிறோம் என்று தெரிந்திருந்தால்தான் மனம் ஒத்துழைக்கும்.

எத்தனை நாளுக்குள்?

தையல் காய வேண்டும், வீக்கம் வற்ற வேண்டும். அதனால் வழக்கமாக அறுவைக்குப் பின் 3, 4 வாரங்களில் கதிர்வீச்சைத் தொடங்குகிறார்கள். "ஆடி முடியட்டும்", "உடம்பு தேறட்டும்", "வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கு" என்று தள்ளிப்போட இடம் கொடுக்காதீர்கள். குழியின் ஓரத்தில் மிஞ்சிய அணுக்கள் நல்ல நாள் பார்ப்பதில்லை. செய்ய வேண்டியவை வரிசையாக:

1. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கதிர்வீச்சு மருத்துவரைப் பார்க்கும் தேதியை வாங்கிவிடுங்கள்.

2. அறுவைக்குப் பின் முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தின் சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

3. பயாப்ஸி ரிப்போர்ட்டை நகல் எடுத்து வையுங்கள். கட்டித் துண்டில் மரபணுச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். நுரையீரல், மார்பகப் புற்றுகளில் அதன் முடிவை வைத்து மாத்திரை வைத்தியமே மாறலாம்.

4. புற்றுநோய்க்கு ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். சிலவற்றைக் கதிர்வீச்சு நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

5. தையல் இடத்தில் தண்ணீர்போல் கசிந்தாலோ, சிவந்து வீங்கினாலோ உடனே சொல்லுங்கள். அதைச் சரிசெய்த பிறகே கதிர்வீச்சு.

6. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள், எந்த வகைக் கதிர்வீச்சு அந்த மருத்துவமனையில் திட்டத்துக்குள் வருகிறது என்பதைக் காப்பீட்டு கவுன்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ரயிலில் வருபவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. நோயாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும். அதற்கான படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்து வேண்டும்.

குழி நாளுக்கு நாள் சுருங்கி வடிவம் மாறும். ஆகவே திட்டமிடுவதற்குப் புதிதாக ஒரு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். "போன மாசம்தானே எடுத்தோம்" என்று மறுக்காதீர்கள். பழைய படத்தை வைத்துக் குறிபார்த்தால் குறி தவறும்.

முகமூடி செய்யும் நாள்

பலருக்குக் கதிர்வீச்சைவிட இந்த நாள்தான் பயம். என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். கம்மல், மூக்குத்தி, கொண்டை ஊசி, பல்செட் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். மல்லாந்து படுத்ததும் கழுத்துக்கு ஒரு தாங்கி வைப்பார்கள். வெந்நீர்த் தொட்டியில் ஊறி இளகிய வெள்ளை பிளாஸ்டிக் தகடு ஒன்றை இரண்டு பேர் தூக்கி, நீர் வடிய விட்டு, முகத்தின் மேல் இழுத்துப் பரப்புவார்கள். சூடான ஈரத் துண்டு போட்டதுபோல் இருக்கும், சுடாது. மூக்கு, தாடை, நெற்றி வளைவுகளில் விரலால் அழுத்திப் படிய வைப்பார்கள். சில நிமிடங்களில் குளிர்ந்து இறுகிவிடும். முழுக்க ஓட்டை ஓட்டையான வலை என்பதால் மூச்சு தாராளமாக வரும். இறுக்கமாக இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அசைவும் கணக்கில் வரும் வேலை இது. குறிக்கும் கோடுகளையும் முகமூடியின் மேலேயே போடுவார்கள்.

தாடி வைத்திருப்பவர்கள் அன்று எப்படி இருந்தார்களோ அப்படியே கடைசி நாள் வரை இருக்க வேண்டும். தலைமுடிக்கும் அதே விதி. மூடிய இடத்தில் மூச்சு முட்டும் பயம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். மனதை அமைதிப்படுத்த மாத்திரை தருவார்கள். சிகிச்சையின்போது அறையில் நோயாளி மட்டும்தான் இருப்பார். ஆனால் வெளியிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டும் மைக்கில் கேட்டுக்கொண்டும் இருப்பார்கள். கையைத் தூக்கினால் நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள். வலியில்லை, சூடில்லை. தலைக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை.

சிகிச்சை நாட்களில் வீட்டில்

நோயாளியின் உடம்பிலிருந்து கதிர் வெளியே வராது. தட்டு, டம்ளர், படுக்கை எதையும் தனியாக ஒதுக்காதீர்கள். பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

மூளை முழுவதும் கதிர்வீச்சு என்றால் இரண்டு, மூன்று வாரத்தில் முடி கொட்டும். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் திரும்ப முளைக்கும். சில இடங்களில் அடர்த்தி குறையலாம். தலைக்கு எண்ணெய், சந்தனம், மஞ்சள் எதுவும் தேய்க்காதீர்கள். வெறும் தண்ணீர் அல்லது மருத்துவர் சொல்லும் மிதமான ஷாம்பு போதும். வெயிலில் போகும்போது பருத்தித் துணி கட்டிக்கொள்ளட்டும்.

அசதி பெரும்பாலானவர்களுக்கு வரும். சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்து அது இன்னும் கூடி, பகலெல்லாம் தூங்கி வழிவதும் உண்டு. அது சோம்பலும் இல்லை, நோய் முற்றுவதும் இல்லை. தூங்க விடுங்கள், கூடவே வாசல் வரை நடக்க வைக்கவும் செய்யுங்கள். குமட்டல் இருந்தால் கஞ்சி, இட்லி, மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள்.

டெக்ஸா மாத்திரையும் வலிப்பு மாத்திரையும்

மூளை வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் போடக் கூடாது. இரண்டு வேளை என்றால் இரண்டாவதை மதியத்தோடு முடித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். இரவில் போட்டால் தூக்கம் வராது. இதுவரை சர்க்கரை இல்லாதவருக்கும் சர்க்கரை ஏறும், பசி தாங்காது, கோபம் வரும், தொடைச் சதை இளைத்துத் தரையிலிருந்து எழ முடியாமல் போகும், வாயில் வெள்ளை படரும். இவற்றை மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைக்கக் கேளுங்கள். ஆனால் திடீரென்று நிறுத்தாதீர்கள். பல நாள் போட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

வலிப்பு வந்தவர்களுக்கு லெவெடிரசெட்டாம் போன்ற மாத்திரை இருக்கும். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. சிலருக்கு அதனால் எரிச்சலும் ஆத்திரமும் கூடும். "அப்பா முன்னே இப்படி இல்லையே" என்று வருந்துகிற குடும்பங்கள் இதை மருத்துவரிடம் சொன்னால் மாற்று மாத்திரை உண்டு. வண்டி ஓட்டுவது மருத்துவர் அனுமதிக்கும் வரை வேண்டாம்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சட்டையைத் தளர்த்துங்கள், நேரம் பாருங்கள். கையில் சாவியோ இரும்போ கொடுக்காதீர்கள். அது வலிப்பை நிறுத்தாது, கையைக் காயப்படுத்தும். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

● முன்பு இல்லாத, அல்லது நாளுக்கு நாள் கூடும் தலைவலி. காலையில் எழுந்ததும் வாந்தி
● புதிதாகக் கை, கால், முகம் ஒரு பக்கம் தளர்வது, பேச்சுக் குழறல், பார்வை மங்கல்
● நடையில் தள்ளாட்டம், திடீர்க் குழப்பம், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம்
● முதல் முறை வலிப்பு, அல்லது அடுத்தடுத்து வலிப்பு
● காய்ச்சல், தையல் இடத்தில் கசிவு, கழுத்து விறைப்பு
● கறுப்பாக மலம் போவது, காலில் ஒரு பக்க வீக்கம், மூச்சுத் திணறல்

ஸ்கேன் என்பது சிகிச்சையின் மறுபாதி

கடைசித் தவணை முடிந்ததும் மருத்துவமனைப் பக்கமே திரும்பக் கூடாது என்று தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்துவிடாதீர்கள். குழிக்கு மட்டும் கதிர்வீச்சு பெற்றவருக்கு மூளையின் மற்ற பகுதி எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. அங்கே புதிதாக ஒன்று முளைத்தால், கடுகளவாக இருக்கும்போதே பிடித்தால் இன்னொரு முறை ரேடியோ சர்ஜரி செய்து அடக்கிவிடலாம். தலைவலி வந்த பிறகு பார்த்தால் அந்த வாய்ப்பு கைநழுவலாம். அறுவைக்குப் பின் மூளை முழுவதும் கொடுக்காமல், கண்காணித்துத் தேவைப்படும்போது மட்டும் ரேடியோ சர்ஜரி செய்யும் முறையை ஜப்பானில் 271 பேரிடம் சோதித்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில் ஆயுள் குறையவில்லை. தொடர்ந்து கண்காணிப்பதுதான் அந்த முறையின் உயிர்நாடி.

முதல் ஆண்டில் 2 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பிறகு இடைவெளியை மருத்துவர் நீட்டுவார். ஊசி மருந்து ஏற்றும் முன் சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை கேட்பார்கள். அதை ஊரிலேயே எடுத்துக்கொண்டு வந்தால் ஒரு நாள் மிச்சம்.

ஏதாவது ஒரு ஸ்கேனில் பழைய இடம் மறுபடி வெளிச்சமாகத் தெரிந்தால் உடனே இடிந்து போகாதீர்கள். சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரை கழித்து, கதிர்வீச்சால் திசு புண்பட்டும் அப்படித் தெரியலாம். அது புற்று திரும்பியதா, கதிர்ப் புண்ணா என்று ஒரே படத்தில் சொல்வது கடினம். சிறப்பு ஸ்கேன்களும், சில வாரம் கழித்து எடுக்கும் அடுத்த படமும் தேவைப்படும். கதிர்ப் புண்ணுக்கு ஸ்டீராய்டு, பெவாசிசுமாப் ஊசி, சிலருக்கு அறுவை என்று வைத்தியம் உண்டு. பழைய படங்களின் சி.டி.கள் எல்லாம் உங்களிடம் வரிசையாக இருந்தால் மருத்துவர் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

ஆகவே கதிர்வீச்சின் கடைசி நாளன்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் இந்த மூன்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்: கொடுத்த கதிரின் அளவும் இடமும் எழுதிய சுருக்கச் சீட்டு, டெக்ஸாவைக் குறைக்கும் அட்டவணை, அடுத்த ஸ்கேன் தேதி. அந்தத் தேதியை ஒருவர் நினைவில் மட்டும் விட்டுவைக்காமல், வீட்டில் இரண்டு பேரின் போனில் பதிந்து வையுங்கள்.